பிரெஞ்சுக் காருக்குப் பக்கத்தில் நிற்பவள்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கார் என்றால் பங்களாவுக்குப் போகும், ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் போகும். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு வராது. வந்தவர் வழி தவறிவிட்டார் என்று நினைத்து, கோழிகளை விரட்டி, வண்டி திரும்ப இடம் விட்டோம். அவர் திரும்பவில்லை. இறங்கி வந்து, பேச்சாயி எந்த வீடு என்று கேட்டார். பேச்சாயி நான்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அட்டனில் என்னை விசாரித்த ஐயா அவர். இப்போது வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டார். தலை முழுக்க வெளுத்திருந்தது. காரை மட்டும் அப்படியே கறுப்பாக வைத்திருந்தார்.

துறையூர்ப் பக்கத்தில் இருந்து இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு, ஒரு கார் வந்ததில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். இந்த நாட்டில் நான் என் மகளோடு இருக்கலாமா, இல்லை தனியே கப்பலேற வேண்டுமா என்பதை யாரும் என்னைப் பார்த்து முடிவு செய்யவில்லை. ஒரு பிரெஞ்சுக் காரைப் பார்த்து முடிவு செய்தார்கள். அதைத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். பிழைகளை மகளின் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, திருத்தியிருக்கிறார். அவசரம் இல்லாதவர்கள் படிக்கலாம்.

2

கல்யாணம் முடிந்த கையோடு இலங்கையில் இந்தப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள் நான். ஊரைப் பற்றி எழுதும்போது கண் கலங்குகிற மாதிரி எழுத வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். எனக்கு நினைவில் இருப்பது நம்மூர் வெயிலும் என் அண்ணன் கையும்தான். இரண்டும் முதுகில் பட்டவை.

இப்போது என் நாள் எப்படிப் போகிறது என்றால், விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். மகள் செல்லம்மா கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவாள். காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் பெரட்டு என்று பேர். நான் பேரனுக்குப் பாணைத் தேத்தண்ணியில் தொட்டுக் கொடுப்பேன். பாண் என்றால் ரொட்டி. ஊரிலிருந்து வந்து போன பங்காளி ஒருவர், பாண் என்றால் என்ன, கந்தோர் என்றால் என்ன என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், "நீங்க பேசுறது தமிழ்தானா?" என்றார். கந்தோர் என்றால் ஆபீஸ் என்று சொன்னேன். "ஆபீஸ் மட்டும் தமிழா?" என்று செல்லம்மா கேட்டாள்.

செல்லம்மா சிங்களம் நன்றாகப் பேசுவாள். கீழே கடை வைத்திருக்கும் பெண்ணோடு அந்தப் பேச்சில் சிரிக்கும்போது, என்னோடு சிரிப்பதைவிட வேகமாகச் சிரிப்பாள். என்ன சொல்லிச் சிரித்தாய் என்று கேட்டால், "அதத் தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதும்மா" என்பாள்.

வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, தோட்டத்து ஆட்களைப் பார்த்து நீ யார் என்று கேட்கத் தொடங்கினார்கள். உலக யுத்தத்துக்குப் பல வருஷம் முன்னாலிருந்து விடாமல் இங்கே இருந்ததாகக் காட்டினால் நீ இந்த நாட்டுப் பிரஜை. காட்டாவிட்டால் இல்லை. மாப்பிள்ளைக்குக் கடதாசி எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவர் பிரஜை ஆனார். அவர் பெண்சாதி என்று செல்லம்மாவும் ஆனாள். என் கதை வேறு. என் புருஷன் இந்தக் கேள்வியெல்லாம் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்கள் கேட்கிற அந்த வருஷங்களில் நான் மலையில் கொழுந்து எடுக்கவில்லை. பங்களாவில் துரையின் பிள்ளைக்கு ஆயாவாக இருந்தேன். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் என் பேர் இல்லை. சம்பளத்தைத் துரைசாணி கையால் கொடுத்தாள், நான் கையால் வாங்கினேன். துரையும் துரைசாணியும் யுத்தம் வருவதற்கு முன்பே சீமைக்குப் போய்விட்டார்கள்.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம்காரர். அவர்களை நாங்கள் நானா என்போம்.

"அக்கா, அந்த வருஷத்துல நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு காட்ட ஏதாச்சும் இருக்கா?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க இப்ப இருக்கீங்க. அப்ப இருந்ததுக்குக் கேக்குறான்."

துரைசாணி போகும்போது கொடுத்த ஒரு போட்டோ டிரங்குப் பெட்டியில் இருந்தது. உள்ளங்கை அளவு. பங்களாச் சுவர், அதன் முன்னால் துரையின் கறுப்புக் கார், காருக்குப் பக்கத்தில் இடுப்பில் செல்லம்மாவோடு நான். நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கார் நல்லா விழுந்திருக்கு," என்றார்.

3

அட்டனுக்குப் போகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வரும். கந்தோர் வாசலில் முகம் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனேன். விசாரணை ஐயா சிங்களவர், மெலிந்த ஆள். இங்கிலீஷில் கேட்பார். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். அவர் தமிழை நான் மனதுக்குள் இன்னொரு தடவை தமிழாக்கிக்கொள்வேன். ஆகக்கூடி ஒரு கேள்வி என்னிடம் வந்து சேர நேரம் பிடித்தது.

எனக்கு முன்னால் போனவர்களைப் பார்த்து ஐயா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். போட்டோவைக் கையில் வாங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஐயா கேக்கிறார், இந்தக் கார் ஆரின்ர?"

"தொரையோடது."

"எப்ப எடுத்த படம்?"

"செல்லம்மா இடுப்புல இருக்கா பாருங்க. அப்ப அவளுக்குப் பல்லு முளைக்கல."

ஐயா எழுந்து ஜன்னலுக்குப் போனார். எங்களையும் வரச் சொன்னார். கீழே முற்றத்தில் போட்டோவில் இருக்கிற அதே கார், படுத்த நாய் மாதிரி தரையோடு தரையாக நின்றது. அவருடைய சொந்தக் கார்.

"இது பிரெஞ்சுக் கார் எண்டு ஐயா சொல்லுறார். யுத்தம் முடிஞ்ச பிறகுதான் இந்த வகை இலங்கைக்கு வந்து இறங்கினதாம். அப்ப இந்தப் படமும் யுத்தத்துக்குப் பிறகு எடுத்ததுதானாம்."

"தொரை லீவுல சீமைக்குப் போயிட்டு வர்றப்ப கப்பல்ல கூடவே கொண்டாந்தாருங்க."

"அதுக்கு அத்தாட்சி?"

"தொரைதான். அவரு போயிட்டாரு."

போட்டோவில் இடுப்பில் இருக்கிற பிள்ளை வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறாள், வேண்டுமானால் கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். கூப்பிட்டார்கள். செல்லம்மா தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஐயா போட்டோவில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். செல்லம்மாவைப் பார்த்தார். அவள் இடுப்பில் இருந்த பிள்ளையையும் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னார்.

"பிள்ளையள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும் எண்டு ஐயா சொல்லுறார். கார் அப்பிடியில்ல. ஒவ்வொரு வருஷமும் எங்கையாவது ஒண்டை மாத்துவாங்களாம். தன்னட்டப் பழைய படங்கள் இருக்காம். ஒப்பிட்டுப் பாத்தா இது எந்த வருஷத்துக் கார் எண்டு சொல்லலாமாம். இன்னொரு நாளைக்கு வாங்கோ."

அந்த ஐயா கெட்டவர் இல்லை. மற்றவர்களை இருந்த இருப்பில் அனுப்பியவர், எனக்கு இன்னொரு நாள் கொடுத்தார். எனக்கு என்றா சொன்னேன்? காருக்குக் கொடுத்தார்.

4

அடுத்த தடவை போனபோது மேசை மேல் கோப்புகள் இல்லை. தடித்த ஆல்பம் ஒன்றும் பூதக்கண்ணாடியும் இருந்தன. ஆல்பம் முழுக்க அந்தக் காரின் படங்கள். மனிதர்கள் யாராவது விழுந்திருந்தால் அது தவறி விழுந்ததாக இருக்கும்.

ஐயா சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் விளக்கினார். ஒரு காரைக் கடைக்கு அனுப்புமுன் சிலதை மட்டும் செய்து, ரோட்டில் ஓட்டிப் பார்ப்பார்களாம். குறை கண்டால் மாற்றுவார்களாம். அப்படிச் செய்த முதல் கார்களில் விளக்கு வேறாக இருக்கும், மூடி வேறாக இருக்கும். பழைய படங்களை வைத்து அவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்றே சீமையில் ஆட்கள் இருக்கிறார்களாம். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஸ்டோரில் டீமேக்கர் தூளில் வெந்நீர் ஊற்றிக் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டுத்தானே பெட்டியில் அடைக்கச் சொல்வார்.

ஐயா என் போட்டோவின் மேல் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆல்பத்தைப் புரட்டி ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்தார். மறுபடி குனிந்தார்.

"அம்மா, உங்கட காரில எஞ்சின் மூடிப் பக்கத்தில மூண்டு வெள்ளிப் பட்டி இருக்காம். கடையில வித்த காருகளில அது இல்லையாம். ஓட்டிப் பாக்கச் செய்த காரிலதான் இருந்ததாம். நடுவில கறுப்பாத் தெரியிறது பூட்டு. இந்தப் படத்தில பூட்டு ஓரத்தில இருக்கு. உங்கட காரில நடுவில இருக்கு. அப்ப உங்கட கார் இதுக்கும் முந்தினது."

தேத்தண்ணி வரவழைத்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். ஐயா வேகமாக எழுதினார். எழுதும்போது தானாகச் சிரித்துக்கொண்டார்.

"உங்கட விசயம் சரி," என்று மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்து சொன்னார். "யுத்தத்துக்கு எவ்வளவோ முந்தின படம் எண்டு எழுதுறார்."

கதவருகே நின்ற செல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி போதாது. சொல்லவில்லை.

பாதியில் ஐயாவின் பேனா நின்றது. அவர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் அவரிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள் எப்ப பிரான்ஸுக்குப் போனனீங்கள்?"

"எங்க?"

"இப்பிடியான கார் ஒண்டும் பிரான்ஸை விட்டு வெளியில போகேல்லையாம். எல்லாத்தையும் அங்கையே உடைச்சுப் போட்டாங்களாம். அப்ப படம் பிரான்ஸிலதான் எடுத்திருக்க வேணும். படத்தில நீங்கள் நிக்கிறியள். அப்ப இந்த நாட்டில விடாம இருந்தியள் எண்டு சொல்லேலாதே?"

"சாமி, நான் அட்டனுக்கு வர்றதுக்கே ரெண்டு வாந்தி எடுத்துட்டு வந்திருக்கேன்."

அதை அவர் மொழிபெயர்த்தாரா என்று தெரியவில்லை. ஐயா சிரிக்கவில்லை. பட்டியைப் பார், பூட்டைப் பார் என்பது போல் கண்ணாடியை என் பக்கம் நகர்த்தினார். அதுவரை அந்தப் போட்டோவை வெறுங்கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். பட்டி பட்டி என்று அவர்கள் பேசியது எது என்று கண்ணாடி வழியாகத்தான் தெரிந்தது.

அது ஆயுத பூசை அன்று எடுத்த போட்டோ. ஸ்டோர் மெஷினுக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் லாரிக்கும் பூசை போட்ட பூசாரி, துரையின் காரையும் விடவில்லை. மூன்று விரலால் திருநீற்றை அள்ளி, எஞ்சின் மூடியில் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். மாலையும் போட்டார், துரைசாணி அதைக் கழற்றித் தன் தொப்பியில் சுற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தாள்.

"இது பட்டி இல்லைங்க. திருநீறு," என்றேன். "நடுவுல இருக்கிறது பூட்டு இல்ல, குங்குமம். பிரான்ஸுல யாருங்க காருக்குத் திருநீறு பூசுவாங்க?"

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அம்மா, கொஞ்சம் யோசியுங்கோ. திருநீறு எண்டு சொன்னா, படம் இஞ்ச எடுத்தது எண்டாகும். ஆனா பட்டி இல்லை எண்டா அது சாதாரணக் கார். சாதாரணக் கார் யுத்தத்துக்குப் பிறகு வந்தது. நான் இதைச் சொல்லட்டோ, விடட்டோ?"

பட்டி இருந்தால் நான் பழையவள், ஆனால் பிரான்ஸில் இருக்கிறேன். பட்டி இல்லாவிட்டால் இங்கே இருக்கிறேன், ஆனால் பழையவள் இல்லை. இரண்டில் எது நல்லது என்று அந்த மனிதர் என்னைக் கேட்டார். கதவருகே செல்லம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

என் வீட்டு மூலையில் சாமி படம் இருக்கிறது. பூசிய திருநீற்றை வெள்ளிப் பட்டி என்று சொல்லிவிட்டு வந்து அதற்கு விளக்கு ஏற்ற என்னால் முடியாது.

"உள்ளதச் சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். ஐயா நெடுநேரம் கண்ணாடியோடு குனிந்திருந்தார். காது இரண்டும் சிவந்துபோயின. எழுதியதை மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு போட்டு அடித்தார்.

5

கொஞ்ச காலம் கழித்து முடிவு வந்தது. என்னை ஏற்கவில்லை.

செல்லம்மா அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டு என்னைப் பிடித்தாள்.

"உனக்கு வாய மூடிக்கிட்டு இருக்க முடியலயா?"

"பிரான்ஸுக்குப் போனேன்னு சொல்லச் சொல்றியா?"

"சொன்னா என்ன? ஒரு மாசம் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல!"

"என்னத்துக்குப் போனேன்னு கேட்டா?"

"கார் பாக்கப் போனேன்னு சொல்றது. அந்த ஐயா அத நம்பியிருப்பாரு!"

நம்பியிருப்பார்தான். அவள் சில நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். பிரஜை மகள், பிரஜை இல்லாத தாய்க்குப் போட்ட சோறு. ருசியில் வித்தியாசம் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, எங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்துக்கொண்டார்கள். யார் எந்தப் பக்கம் என்று இனிமேல்தான் கூப்பிட்டுக் கேட்பார்களாம். என்னைப் போல் தள்ளப்பட்டவர்கள் கப்பல் பக்கம் என்றுதான் லயத்தில் பேச்சு. செல்லம்மா இந்தப் பக்கம். அவள் ராத்திரியில் என் பாயைத் தன் பாயோடு ஒட்டிப் போட ஆரம்பித்திருக்கிறாள்.

6

அப்படி இருக்கும்போதுதான் அந்த ஐயா வந்தார். மொழிபெயர்ப்பாளர் இல்லை. அவர் சிங்களத்தில் செல்லம்மாவிடம் பேசினார், செல்லம்மா என்னிடம் சொன்னாள். கடதாசி உறையிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்தார். அன்றைக்குக் கந்தோரிலேயே தங்கிப்போன என் போட்டோதான். ஸ்டூடியோவில் கொடுத்துப் பலகை அளவுக்குப் பெரிதாக்கியிருந்தார். என்னை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை.

"அம்மா, அந்தத் திருநீறு அவரு கண்ண மறைச்சிருச்சாம். வேற எதையும் பாக்கலயாம். இப்பப் பாத்தாராம். கதவுல மூணு கீல் இருக்காம். கடையில வித்த காருக்கு ரெண்டுதானாம்."

"கீலா?"

"ஆமா. இது நெசமாவே ஓட்டிப் பாக்கச் செஞ்ச காருதானாம்."

"மறுபடியும் பிரான்ஸா?"

செல்லம்மா கேட்டாள். ஐயா தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னார்.

"இல்லயாம். ஸ்டியரிங்கு வலது பக்கம் இருக்காம். பிரான்ஸுல இடது பக்கம்தானாம். சின்னப் படத்துல கண்ணாடி மினுங்கினதால தெரியலயாம். ஓட்டிப் பாக்க இங்கிலாந்துக்கும் சிலது அனுப்பியிருக்காங்களாம், வேற படத்துல பாத்தாராம். தொரை அங்கதான் வாங்கியிருப்பாருங்கிறாரு. நீ சொன்னது சரியாம், அம்மா. யுத்தத்துக்கு முந்தி, இந்தத் தோட்டத்துல."

"அப்ப என் முடிவ மாத்துவாங்களா?"

"அந்த ஃபைலை மூடியாச்சாம். இவரும் இப்ப வேலையில இல்ல. ஆனா அடுத்த தடவ கூப்பிடும்போது கொண்டு போறதுக்கு ஒரு சாட்சிக் கடதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றாராம்."

வாசலில் முக்காலி போட்டேன். அவர் முழங்காலில் ஆல்பத்தை வைத்து எழுதினார். கார், கீல், ஸ்டியரிங்கு என்று பக்கம் நிறைந்தது. முடித்துவிட்டு வாசித்துக் காட்டினார். செல்லம்மா தமிழில் சொன்னாள். அதில் நான் இல்லை.

"காருக்குப் பக்கத்துல நிக்கிறது நான்தான்னு எழுதச் சொல்லு."

அவர் பேனாவை மூடிக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அத அவரு எப்படி எழுதுறதுன்னு கேக்குறாரு. அப்ப அவரு உன்னப் பாக்கலயாம்."

"காரையுந்தான் அப்ப அவரு பாக்கல."

செல்லம்மா என்னைப் பார்த்து, "இத எப்படிம்மா சொல்றது?" என்றாள்.

"சொன்னபடி சொல்லு."

சொன்னாள். அந்தப் பேச்சில் அவள் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

ஐயா படத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். எழுந்து, என்னை வெயிலில் வந்து நிற்கச் சொன்னார். நின்றேன். லயத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் என் இடது காதைப் பார்த்தார். தண்டட்டி இழுத்துக் கிழிந்து, தைத்த காது. படத்திலும் அப்படியே. வலது கையை நீட்டச் சொன்னார். முழங்கைக்குக் கீழே சின்ன வயதில் குத்திய பச்சை. புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொடாமல் எண்ணினார். திரும்பச் சொன்னார். திரும்பினேன். முகவாய்த் தழும்புக்குக் கண்ணாடியை வைத்தபோது அவர் மூச்சு என் மேல் பட்டது. அந்தக் கந்தோருக்கு இரண்டு தடவை போய் வந்தும், இந்த முகத்தை இப்படி யாரும் பார்க்கவில்லை.

"பச்சை மங்கியிருக்காம்," என்றாள் செல்லம்மா. "வயசுக்குச் சரியா இருக்குன்றாரு."

அவர் உட்கார்ந்து மறுபடி எழுதினார். செல்லம்மா சொன்னாள்: மேற்சொன்ன கார் யுத்தத்துக்கு முந்தியது. அதன் பக்கத்தில் நிற்பவர் இந்தப் பேச்சாயியே. காரைப் பற்றி எனக்கு எவ்வளவு நிச்சயமோ, இவரைப் பற்றியும் அவ்வளவு நிச்சயம்.

"நல்லாருக்கும்மா," என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று சரியாகப் படவில்லை.

"என்னை முன்னால எழுதிட்டு, காரைப் பின்னால எழுதச் சொல்லு."

செல்லம்மா அதைச் சொல்லுமுன்பே ஐயாவுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. அவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாள் எடுத்தார்.